மறைந்திருக்கும் எழுத்தைப் படிக்கும் கலை



மறைகுறியியல் என்றதும் ஒற்றர்களும் போர்க்களமும் கணினித் திரையும் நம் நினைவுக்கு வருகின்றன. அன்னாசித் தோட்டங்கள் சூழ்ந்த பெக்கான் நானாஸில் அமர்ந்து தமிழ் படிக்கும் ஒரு மாணவருக்கும் அத்துறைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். நெருங்கிய தொடர்பு உண்டு. எழுத்துகள் எந்த ஒழுங்கில் வருகின்றன, எந்தச் சொல் எப்படி முடிகிறது, எந்த ஒலி எந்த ஒலியோடு சேரும் என்று கவனிப்பதே மறைகுறியியலின் முதற்படி. தமிழ் இலக்கணம் கற்றவர் அப்படியில் முன்பே கால்வைத்தவர்.

இத்துறையில் ஈடுபாடு எப்படிப் பிறக்கிறது? பெரும்பாலும் வகுப்பறையில் பிறப்பதில்லை. நல்ல எழுத்தாளர் ஒருவரின் நூலைப் படித்த இளைஞர், தாமும் அப்படி ஒரு புதிரை அவிழ்க்க வேண்டும் என்று ஆசை கொள்கிறார். அந்த வாசிப்பு அவருக்கு ஆர்வத்தோடு ஓர் ஒழுக்கத்தையும் தருகிறது. ஒரு விடையை எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்பதே அவ்வொழுக்கம். தமிழின் தொன்மை பற்றிய செய்திகள் நாள்தோறும் கைப்பேசிக்கு வந்து சேரும் இக்காலத்தில், தமிழ் மாணவருக்கு அவ்வொழுக்கம் மிகவும் தேவைப்படுகிறது. இக்கட்டுரை சொல்ல விழைவது அதைத்தான்.

மனிதர் மறைத்ததும் காலம் மறைத்ததும்

படிக்க முடியாத எழுத்து இருவகைப்படும். ஒன்று, பிறர் அறியக்கூடாது என்று மனிதர் வேண்டுமென்றே மறைத்தது. மற்றொன்று, எழுதியவர் மறைக்க நினையாவிட்டாலும், படிக்கத் தெரிந்தோர் மறைந்துபோனதால் காலம் மறைத்தது. முன்னது மறைகுறி, பின்னது மறந்துபோன எழுத்து.

முன்னதற்குத் தமிழில் பழைய மரபு உண்டு. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்றும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்றும் தமக்குள் வழங்கியதைக் குழூஉக்குறி என்று நம் இலக்கணம் வகைப்படுத்தியுள்ளது. சித்த மருத்துவ நூல்கள் மருந்துப் பொருள்களின் பெயர்களைப் பரிபாஷை என்னும் போர்வையால் மூடிவைத்தன. பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னே ஒரு ககரத்தைச் சேர்த்து, 'நாளை வா' என்பதைக் 'கநாகளை கவா' என்று பேசும் 'க' பாஷையும் இவ்வினத்ததே.

பின்னதற்குத் தமிழ்நாட்டுக் குகைக் கல்வெட்டுகள் சான்று. அவற்றைப் பொறித்தவர் எதையும் மறைக்கவில்லை. துறவியர்க்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுத்தவர் இன்னார் என்பதை ஊரறிய வெட்டிவைத்தனர். ஆயினும் பல நூற்றாண்டுகளுக்கு அவற்றைப் படிப்பார் இல்லை.

இவ்விரண்டையும் அவிழ்க்கும் முறை பெரும்பாலும் ஒன்றே. குறிகளை எண்ணுதல், அவை நிற்கும் இடங்களை நோக்குதல், திரும்பத் திரும்ப வரும் தொடர்களைப் பிரித்தெடுத்தல், ஓர் ஊகத்தைக் கொள்ளுதல், அவ்வூகத்தை வேறிடத்தில் வைத்துச் சோதித்தல் ஆகியனவே அம்முறை.

ஒரு வாசகரிடமிருந்து இன்னொரு வாசகருக்கு

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1843ஆம் ஆண்டில் 'தங்க வண்டு' என்னும் சிறுகதையை வெளியிட்டார். கடற்கொள்ளையன் புதைத்த செல்வத்தின் இடம் ஒரு மறைகுறித் தாளில் எழுதப்பட்டிருக்கிறது. கதைத்தலைவர் அதை அவிழ்க்கிறார். விடையை மட்டும் சொல்லிக் கதையை முடித்திருந்தால் அது சாதாரணப் புதையல் கதையாகவே நின்றிருக்கும். போ அப்படிச் செய்யவில்லை. எந்தக் குறி எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவதிலிருந்து, மிகுதியாக வரும் குறி மொழியில் மிகுதியாக வரும் எழுத்தாக இருக்கலாம் என்று கொள்வது வரை, ஒவ்வொரு படியையும் வாசகர் கண்முன் வைத்தார். எண்ணிக்கையைக் கொண்டு மறையை அவிழ்க்கும் இவ்வழியை ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி எழுதிவைத்திருந்தார். எனினும் அதைப் பொதுமக்களின் கைக்குக் கொண்டுவந்தது அச்சிறுகதைதான்.

அக்கதையைச் சிறுவயதில் படித்து ஆர்வம் கொண்டவர்களுள் ஒருவர் வில்லியம் ஃபிரீட்மன். பின்னாளில் அமெரிக்காவின் முதன்மையான மறைகுறி வல்லுநராக விளங்கினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜப்பானியத் தூதரகங்கள் பயன்படுத்திய மறைகுறிப் பொறியின் இரகசியத்தை 1940இல் கண்டறிந்தது அவர் தலைமையில் அமைந்த குழுவே.

இன்னொரு தொடரைப் பாருங்கள். 1939இல் ஃபிளெட்சர் பிராட் என்பவர் மறைகுறிகளைப் பற்றிப் பொதுவாசகருக்கென ஒரு நூல் எழுதினார். அதை 13 வயதில் நூலகத்திலிருந்து எடுத்துப் படித்த டேவிட் கான், 1967இல் மறைகுறிகளின் முழு வரலாற்றையும் ஒரு பெருநூலாக எழுதினார். அப்பெருநூலைப் படித்து உந்துதல் பெற்றவர்களுள் ஒருவர் விட்ஃபீல்ட் டிஃபி. அவரும் மார்ட்டின் ஹெல்மனும் 1976இல் ஒரு புதுவழியை வெளியிட்டனர். முன்பின் அறியாத இருவர், பிறர் கேட்கும்படியாகவே செய்தி பரிமாறி, பிறர் அறியமுடியாத ஒரு பொதுத் திறவுகோலை உருவாக்கிக்கொள்ளலாம் என்பதே அவ்வழி. நாம் இன்று கைப்பேசியில் அனுப்பும் செய்தியும் வங்கிக் கணக்கும் பாதுகாப்பாக இருப்பதற்கு அவ்வழியில் வளர்ந்த முறைகள் துணைநிற்கின்றன. ஒரு சிறுவன் நூலகத்தில் எடுத்த புத்தகத்தின் பயன், அரை நூற்றாண்டுக்குப் பின் உலகத்தார் அனைவரின் சட்டைப்பைக்கும் வந்து சேர்ந்தது.

மூன்றாவது தொடர் நமக்கு இன்னும் நெருக்கமானது. கிரேக்கத் தீவான கிரீட்டில் கிடைத்த 'லீனியர் பி' என்னும் எழுத்தை இங்கிலாந்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மைக்கேல் வென்டிரிஸ் 1952இல் அவிழ்த்தார். 14 வயதில் கேட்ட ஒரு சொற்பொழிவு அவரை அத்துறையில் ஈடுபடுத்தியது. 1956இல் அவர் விபத்தில் இறந்தபின், அவருடன் பணியாற்றிய ஜான் சாட்விக் 1958இல் அவ்வரலாற்றைச் சிறிய, தெளிவான நூலாக எழுதினார். அந்நூலைப் படித்த ஃபின்லாந்து மாணவர் ஒருவர், அவ்வாறே சிந்து எழுத்தையும் ஆராயலாமே என்று எண்ணினார். அவரே அஸ்கோ பர்ப்போலா. சாட்விக்கின் நூல் தமக்குத் தூண்டுகோலாயிற்று என்பதை அவரே சொல்லியிருக்கிறார். சிந்து எழுத்தின் மொழி திராவிடமாக இருக்கக்கூடும் என்னும் கருதுகோளைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்துவரும் அவருக்கு 2010இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டில் விருது வழங்கப்பட்டதை ஆசிரியர்கள் அறிவர்.

போ, பிராட், கான், சாட்விக் ஆகிய நால்வருக்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு. அவர்கள் விடையைக் காட்டி வியக்கவைப்பதோடு நிற்கவில்லை. வழியைக் காட்டினார்கள், வழியில் நேர்ந்த தவறான திருப்பங்களையும் சேர்த்துக் காட்டினார்கள். வழியைக் கண்ட வாசகரால்தான் அடுத்த புதிரை நோக்கித் தாமாக நடக்க முடிகிறது.

உபயப் பலகையும் பிராமி எழுத்தும்

அவ்வழி எத்தகையது என்பதை நமக்குப் பழக்கமான ஒன்றைக் கொண்டு விளக்குகிறேன். தமிழ் அறியாத ஒருவர் நம் ஊர்க் கோவிலுக்கு வருகிறார் என்று கொள்வோம். மின்விசிறியில் ஏதோ எழுதியிருக்கிறது, குழல்விளக்கில் எழுதியிருக்கிறது, படிக்கட்டிலும் எழுதியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் எழுத்துகள் வேறுபடுகின்றன. ஆயினும் ஒரே நான்கெழுத்துத் தொடர் எல்லாவற்றிலும் வருகிறது. அறிவுள்ள அயலவர் என்ன நினைப்பார்? வேறுபடும் பகுதி ஆட்பெயர், மாறாத பகுதி 'கொடை' என்னும் பொருளுடைய சொல் என்று ஊகிப்பார். அச்சொல் 'உபயம்'. ஒரு தமிழெழுத்தும் அறியாமலே அவர் ஒரு தமிழ்ச் சொல்லின் பொருளைக் கண்டுவிட்டார்.

கல்கத்தா நாணயச்சாலையில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரின்செப் 1837இல் செய்ததும் இதுவே. சாஞ்சித் தூபியின் கற்சுற்றுவேலியில் குறுங்கல்வெட்டுகள் பல இருந்தன. அவற்றுட் பல ஒரே எழுத்துகளில் முடிவதை அவர் கண்டார். திருத்தலத்துக்குத் தூணும் குறுக்குக்கல்லும் கொடுத்தவர்கள் தம் பெயரைப் பொறித்து ஈற்றில் 'கொடை' என்று எழுதியிருப்பார்கள் என்று ஊகித்தார். கொடையைக் குறிக்கும் 'தானம்' என்னும் சொல்லை அங்கே வைத்துப் பார்த்தபோது இரண்டு எழுத்துகளின் ஒலி கிடைத்தது. அவற்றைக் கொண்டு மேலும் சில எழுத்துகள் தெளிந்தன. அவ்வாறே அசோகர் காலத்துப் பிராமி எழுத்து முழுதும் படிக்கப்பட்டது.

'மாகான' என்னும் புதிர்

பிராமி தெரிந்தபின் தமிழ்நாட்டுக் குகைக் கல்வெட்டுகளும் தெளிந்திருக்க வேண்டும் அல்லவா? அப்படி நடக்கவில்லை. எழுத்துகள் பிராமி என்பது தெரிந்தது. படித்தால் பொருள் வரவில்லை. வடக்கே வழங்கிய பிராகிருத மொழியை எதிர்பார்த்துப் படித்தவர்களுக்கு விந்தையான ஒலித்தொடர்களே கிடைத்தன.

1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் இதற்கு விடையின் வாயிலைத் திறந்தார். அவர் எழுத்துகளின் இருப்பையும் இன்மையையும் கவனித்தார். பிராகிருதத்துக்கு வேண்டிய வர்க்க எழுத்துகள் இங்கே பெரும்பாலும் இல்லை. பிராகிருதத்துக்கு வேண்டாத ழகரம், றகரம், னகரம் முதலியவற்றுக்குரிய வடிவங்கள் இருக்கின்றன. ஆகவே மொழி தமிழ் என்றார். இல்லாத எழுத்தும் சான்றாகும் என்பதை இங்கே நாம் கற்கிறோம்.

எனினும் ஒரு சிக்கல் எஞ்சியது. அசோகர் பிராமியின் மரபுப்படி படித்தால் சில இடங்களில் 'மாகான' என்பதுபோன்ற சொல் வந்தது. இது என்ன சொல்? விளக்கம் எளியது, ஆனால் கண்டறிய அரியது. அசோகர் பிராமியில் மெய்யெழுத்தின் வடிவத்துக்குள்ளேயே அகரம் அடங்கியிருக்கும். மேலே ஒரு சிறு கோடு இட்டால் அது ஆகாரமாகும். தமிழுக்கு இவ்வெழுத்தை ஏற்றவர்களோ தொடக்கத்தில் வேறுவழியைக் கொண்டனர். கோடற்ற வடிவம் தனி மெய். கோடு இட்டால் அகரம் அல்லது ஆகாரம். அவ்விதிப்படி முதலிரண்டு எழுத்தில் கோடும் மூன்றாம் எழுத்தில் கோடின்மையும் உள்ள அச்சொல் 'மகன்' ஆயிற்று. தமிழில் சொற்கள் மெய்யில் முடிவது மிகுதி. தனி மெய்யைக் காட்ட ஒரு வழி வேண்டியிருந்தது. அத்தேவையே பின்னாளில் புள்ளியைத் தந்தது. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் வகுத்துச் சொல்வதன் பின்னணி இதுவே.

இவ்வழக்குகளைக் காலப்படி வகைப்படுத்தி, கல்வெட்டுகளை நேரில் சென்று படியெடுத்து ஆராய்ந்தவர் ஐராவதம் மகாதேவன். அவர் தொழில்முறை மொழியியலாளர் அல்லர். 1954இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்த அதிகாரி. வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியாரின் தூண்டுதலும் சுப்பிரமணிய ஐயரின் எழுத்துமே அவரை இத்துறைக்கு இழுத்தன. ஓய்வு நேர ஈடுபாடாகத் தொடங்கியது 2003இல் பழந்தமிழ்க் கல்வெட்டுகள் பற்றிய பெருநூலாக முதிர்ந்தது. 2018இல் அவர் மறையும்வரை அப்பணி நிற்கவில்லை.

அவரது வாசிப்பு சரியென்பதற்கு என்ன உறுதி? 1965இல் கரூரை அடுத்த புகழூர்க் கல்வெட்டை அவர் படித்தபோது சேர அரசர் மூன்று தலைமுறையினரின் பெயர்கள் வெளிப்பட்டன. ஆதன் செல்லிரும்பொறை, அவர் மகன் பெருங்கடுங்கோ, அவர் மகன் இளங்கடுங்கோ என்னும் அவ்வரிசை பதிற்றுப்பத்தின் ஏழு, எட்டு, ஒன்பதாம் பத்துகளின் தலைவர்களோடு இயைந்தது. கல்லும் ஏடும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே குடும்பத்தைச் சொல்லின.

அடுத்த உறுதி இன்னும் வலியது. அசோகர் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், சேரரோடு 'சதியபுத' என்றொரு மரபும் குறிக்கப்படுகிறது. அவர் அதியமான் மரபினராகலாம் என்று அறிஞர் சிலர் சொல்லாராய்ச்சியால் முன்னரே ஊகித்திருந்தனர். 1981இல் சம்பையில் புதிதாக ஒரு கல்வெட்டு கிடைத்தது. அதில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரோடு 'சதியபுதோ' என்னும் பட்டமும் சேர்ந்தே இருந்தது. பழைய கல்வெட்டுகளைக் கொண்டு வகுத்த விதி, அதுவரை யாரும் காணாத கல்லையும் படித்துக் காட்டியது.

கடல் கடந்தும் அவ்விதி செல்லுபடியாகிறது. நம் தீபகற்பத்தின் வடபகுதியில், தாய்லாந்தின் கிராபி மாநிலத்துக் குளோங் தோமில் கிடைத்த பொற்கொல்லரின் சிறிய உரைகல் ஒன்றில் தமிழ்ப் பிராமியில் 'பெரும்பதன் கல்' என்று எழுதியிருக்கிறது. கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டினது அது. 'பெரும்பதனுடைய கல்' என்று நமக்கு உடனே பொருள் விளங்குகிறது.

இலக்கணம் என்னும் திறவுகோல்

மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் சில இலக்கணப் பகுதிகள் மறையை அவிழ்ப்பவருக்குக் கூர்மையான கருவிகள். வகுப்பில் செய்துபார்க்கத்தக்க ஓர் எளிய பயிற்சியைச் சொல்கிறேன்.

க, ங, ச, ஞ என்று தொடங்கும் 18 மெய்களின் வரிசையில் ஒவ்வொரு மெய்க்கும் அடுத்த மெய்யை எழுதுங்கள், இறுதியிலுள்ள னகரத்துக்குக் ககரத்தை எழுதுங்கள், உயிரை மாற்றாதீர்கள். 'தமிழ்' என்பது 'நயிள்' ஆகும். 'அன்னாசி' என்பது 'அக்காஞி' ஆகும். இம்முறையில் ஒரு பத்தியை எழுதி, விதியைச் சொல்லாமல் இன்னொரு குழுவிடம் கொடுங்கள்.

அக்குழு எங்கே தொடங்கும்? மெய்ம்மயக்கத்தில் தொடங்கலாம். பிறமொழிச் சொற்களை நீக்கிப் பார்த்தால், தமிழில் ர், ழ் என்னும் இரண்டும் தம்மோடு தாம் இரட்டிப்பதில்லை. க், ச், த், ப் என்னும் நான்கும் தம்மோடன்றிப் பிறவற்றோடு மயங்குவதில்லை. ஆகவே மறைகுறியில் இரட்டித்து வரும் குறி எதுவாயினும் அது ரகரமோ ழகரமோ அன்று. எப்போதும் தன்னையே தொடரவிடும் புள்ளியெழுத்து இந்நான்கனுள் ஒன்றாக இருக்க வாய்ப்பு மிகுதி.

அடுத்துச் சொல்லின் முதலையும் இறுதியையும் நோக்கலாம். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலாகா. வல்லின மெய்கள் சொல்லுக்கு இறுதியாகா. ஆனால் நாம் எழுதும் உரைநடையில் 'அந்தப் பழம்', 'பழத்தைத் தின்றான்' என்று வல்லினம் மிக்கு வருவதால், ஒரு சொல்லின் இறுதி மெய்யும் அடுத்த சொல்லின் முதலெழுத்தின் மெய்யும் ஒன்றாக இருக்கும் இடங்கள் மறைகுறியிலும் அப்படியே தெரியும். அவ்விடங்களைக் கண்ட மாணவர் க், ச், த், ப் என்னும் நான்கையும் விரைவில் பிடித்துவிடுவார். ஒற்று மிகும் இடம் எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு இதைவிடச் சுவையான விடை எனக்குத் தெரியாது.

வேற்றுமையுருபும் உதவும். மரம், மரத்தை, மரத்தால், மரத்துக்கு என்னும் நான்கு சொற்களை மறைகுறியில் எழுதினால், தொடக்கம் மாறாமல் இறுதி மட்டும் மாறும். மொழி இன்னதென்று தெரியாவிட்டாலும், இது பெயர், இவை அதன் ஈறுகள் என்று பிரிக்கலாம். லீனியர் பி எழுத்தின் ஒரு குறிக்கேனும் ஒலி தெரியாத நிலையில் அலிஸ் கோபர் என்னும் அமெரிக்கப் பேராசிரியை இதைத்தான் செய்தார். ஒரே அடிச்சொல் மூன்று ஈறுகளோடு வரும் தொகுதிகளை அவர் அட்டைகளில் குறித்துவைத்துப் பிரித்தெடுத்தார். 1950இல் அவர் மறைந்தார். அவர் இட்ட அடித்தளத்தின்மேல் நின்றே வென்டிரிஸ் இரண்டாண்டுகளில் விடையை எட்டினார். அவ்விடையும் சோதிக்கப்பட்டது. புதிதாக அகழ்ந்தெடுத்த களிமண் பலகை ஒன்றில் முக்காலிப் பாத்திரமும் பிற கலங்களும் படமாக வரையப்பட்டிருந்தன. வென்டிரிஸின் ஒலிமதிப்பை வைத்துப் படித்தபோது அப்படங்களின் பெயர்களே கிரேக்கத்தில் வந்தன.

சிந்து முத்திரைகள் கேட்கும் பொறுமை

இப்போது நம் உள்ளத்துக்கு மிக நெருக்கமான புதிருக்கு வருவோம். சிந்து எழுத்தை அவிழ்ப்பவருக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசு என்று தமிழ்நாடு முதலமைச்சர் 2025 ஜனவரியில் அறிவித்தார். எழுத்தைப் படித்துவிட்டதாகக் கூறும் செய்திகளும் காணொளிகளும் நம்மிடம் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுட் பல, அது தமிழே என்று உறுதிபடச் சொல்கின்றன. மாணவர்கள் அவற்றைக் கொண்டுவந்து ஆசிரியரிடம் காட்டுகிறார்கள். ஆசிரியர் என்ன சொல்வது?

முதலில், உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லலாம். மகாதேவன் 1977இல் வெளியிட்ட தொகுப்பு 417 குறிகளைப் பிரித்துக் காட்டியது. இவ்வெண்ணிக்கையே ஒரு செய்தி. ஒலியெழுத்தாக இருந்தால் சில பத்துகள் போதும்; சொல்லுக்கு ஒரு குறி என்றால் ஆயிரக்கணக்கில் வேண்டும். நானூறு என்பது இரண்டுக்கும் இடைப்பட்டது. சொற்குறியும் அசைக்குறியும் கலந்ததாக இருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுவது இதனால்தான். எழுத்து பெரும்பாலும் வலமிருந்து இடம் செல்கிறது. இடக்கோடியில் இடம் போதாமல் குறிகள் நெருங்கி நிற்பது இதைக் காட்டுகிறது. கைப்பிடியுள்ள குடம் போன்ற குறி தொடரின் ஈற்றிலேயே மிகுதியாக வருகிறது. ஒரு குறியையும் ஒலிக்காமல் இவ்வளவு அறிய முடிந்திருக்கிறது.

அடுத்து, தடைகளைச் சொல்லலாம். தொடர் ஒன்றின் சராசரி நீளம் ஏறத்தாழ 5 குறிகள்தாம். தெரிந்த மொழியும் தெரியாத எழுத்தும் அருகருகே பொறித்த இருமொழிக் கல்வெட்டு இன்றுவரை கிடைக்கவில்லை. அது மொழியைக் குறிக்கும் எழுத்தே அன்று என்று 2004இல் மூன்று ஆய்வாளர்கள் வாதிட்டதும் உண்டு. அதை மறுத்தவர்களும் உளர். பர்ப்போலா, மகாதேவன் போன்றோர் திராவிடக் கருதுகோளை வலியுறுத்தினர். மீன் வடிவக் குறி விண்மீனைக் குறிக்கலாம் என்பது அக்கருதுகோளின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. மும்பையில் பணியாற்றிய ஹெராஸ் பாதிரியார் தொடங்கிவைத்த கருத்து அது. மீன் என்னும் ஒரே சொல் நீரில் வாழ்வதையும் வானில் ஒளிர்வதையும் குறிப்பது திராவிட மொழிகளின் இயல்பு. கவர்ச்சியான விளக்கம்தான். ஆயினும் அதை முன்வைத்த அறிஞர்களே முழு எழுத்தையும் படித்துவிட்டோம் என்று கூறவில்லை.

மூன்றாவதாக, எந்தப் புதிய வாசிப்பையும் சோதிக்க மூன்று கேள்விகளைக் கற்றுத்தரலாம். ஒரு குறிக்குக் கொடுத்த ஒலி எல்லா இடத்திலும் மாறாமல் இருக்கிறதா, அல்லது முத்திரைக்கு முத்திரை மாறுகிறதா? அவர் கொடுத்த ஒலிமதிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வேறொருவர் தனியே படித்தால் அதே வாசகம் வருகிறதா? அவர் பார்த்திராத புதிய முத்திரை கிடைத்தால் அதற்கும் பொருள் வருகிறதா? புகழூரும் சம்பையும் இக்கேள்விகளில் தேறின. லீனியர் பி தேறியது. சிந்து எழுத்துக்கு இதுவரை எவர் சொன்ன முழு வாசிப்பும் இம்மூன்றிலும் தேறி அறிஞர் உலகின் ஒப்புதலைப் பெறவில்லை.

இவ்வாறு சொல்வது தமிழுக்கு எதிரான பேச்சு ஆகாது. ஐந்து குறிகளுக்கு நம் விருப்பம்போல் ஒலி கொடுத்தால் அத்தொடரை எம்மொழியிலும் படித்துவிடலாம். அப்படிப் பெற்ற வெற்றி தமிழுக்கும் உரியதாகாது, வேறெம்மொழிக்கும் உரியதாகாது. தமிழ்ப் பிராமியை உலகம் ஏற்றது நாம் உரக்கச் சொன்னதனால் அன்று. எவரும் சோதிக்கக்கூடிய வகையில் சொன்னதனால். நம் மாணவர் ஆதாரமற்ற செய்தியை நம்பி ஒரு பன்னாட்டு அரங்கில் எடுத்துரைத்தால், ஆதாரமுள்ள பெருமையையும் சேர்த்தே இழப்பார்.

நம் வாசலில் ஒரு கல்

படிக்கத் தொடங்க விரும்பும் மாணவருக்கு என் பரிந்துரை சுருக்கமானது. முதலில் போவின் சிறுகதை. அடுத்துச் சாட்விக்கின் நூல். பின் மறைகுறிகளின் வரலாற்றை இன்றைய கணினிக் காலம் வரை எளிமையாகச் சொல்லும், சைமன் சிங் 1999இல் வெளியிட்ட நூல். மகாதேவனின் தமிழ், ஆங்கிலக் கட்டுரைகள். படிக்கும்போது அருகில் தாளும் பென்சிலும் இருக்கட்டும். எழுத்தாளர் விடையைச் சொல்லுமுன் நிறுத்தி, நீங்களே முயலுங்கள். உங்கள் விடை அவர் விடையோடு எங்கே பிரிகிறது என்று பாருங்கள். நல்ல எழுத்தாளர் அதற்கு இடம் கொடுப்பார். வழியைக் காட்டாமல் முடிவை மட்டும் முழங்கும் நூலை ஐயத்தோடு அணுகுங்கள்.

இறுதியாக, ஜொகூர்ப் பாலத்துக்கு அப்பாலுள்ள ஒரு கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1819இல் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் காட்டை அழித்தபோது ஏறத்தாழ 50 வரிகள் பொறித்த பெரும்பாறை ஒன்று தென்பட்டது. அதன் எழுத்து எவருக்கும் விளங்கவில்லை. அதிலிருந்து எடுத்த ஒரு படி, பிராமியை அவிழ்த்த பிரின்செப்பின் கைக்கே சென்றது; 1837இல் தம் இதழில் அதை வெளியிட்டார். தேய்ந்துபோன எழுத்துகளைக் கொண்டு அவராலும் வாசகத்தைக் காண இயலவில்லை. 1843இல், போ தம் கதையை வெளியிட்ட அதே ஆண்டில், கட்டுமானப் பணிக்காக அப்பாறை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எஞ்சிய துண்டுகளுள் ஒன்று இன்று சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. பழைய ஜாவா மொழியா, சமஸ்கிருதமா, வேறொன்றா என்பது இன்னும் முடிவாகவில்லை. முழு வாசகமும் கையில் இருந்திருந்தால், இன்றைய அறிவைக் கொண்டு ஒருவேளை படித்திருக்கலாம்.

எழுத்தை அவிழ்க்கும் அறிவு பின்னர் எப்போதேனும் பிறக்கலாம். எழுத்து அழிந்துவிட்டால் அவ்வறிவுக்கு வேலை இல்லை. ஆகவே படியெடுத்து வைப்பதே முதற்பணி. நம் வட்டாரத்திலும் தோட்டப்புறக் கோவில்களின் பழைய உபயப் பலகைகள், இடுகாட்டுக் கல்லறை எழுத்துகள், குடும்பங்களில் எஞ்சியிருக்கும் பழைய கடிதங்கள், கணக்கேடுகள் ஆகியன இருக்கின்றன. தோட்டங்கள் கைமாறும்போதும் கோவில்கள் புதுப்பிக்கப்படும்போதும் இவை மறைகின்றன. ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்துச் சென்று, உரியவரிடம் அனுமதி பெற்று, அவற்றைப் படமெடுத்து, எழுத்துப் பிழையையும் திருத்தாமல் உள்ளது உள்ளபடி ஏட்டில் எழுதிவைக்கச் செய்யலாம். தேய்ந்த எழுத்தை ஊகித்து நிரப்பாமல், அவ்விடத்தை வெற்றிடமாகவே விடக் கற்றுக்கொடுங்கள். அவ்வெற்றிடத்தைப் பின்னொரு நாள் இன்னொரு மாணவர் சான்றோடு நிரப்புவார்.